கவிழ்த்து நிமிர்த்தும் கை

முகத்தைப் பார்ப்பதற்கு முன் முழங்கையின் உட்புறத்தைத்தான் பார்க்கிறார். நான் சட்டைக் கையை மடிப்பதற்குள், "போன தடவை இடது கையில குத்தினேன். இன்னைக்கு வலது கையக் குடுங்க" என்கிறார். ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தட்டி, "கொசு கடிக்கிற மாதிரிதான், சுவத்தப் பாருங்க" என்று சொல்லி முடிக்கும்போது வேலை முடிந்திருக்கும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குக் கொசு அக்கா என்றே பெயர். அதற்காகக் கோபப்படுவதில்லை. "கொசுவுக்குச் சம்பளம் கிடையாது, எனக்கு உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

பேருந்தில் பக்கத்தில் நின்றவரின் கையைப் பார்த்து, "நல்ல நரம்பு" என்று வாய்விட்டுச் சொல்லி முறைப்பு வாங்கியவர் அவர்.

சமீபமாக ஒரு புதுப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் பாட்டிலோ இருமல் மருந்தோ, எதை எடுத்தாலும் மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறார். கணையப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க ரத்தத்தில் டிஎன்ஏ பரிசோதனை வந்திருக்கிறது. அதற்கு இங்கேதான் ரத்தம் எடுக்கிறார்கள். உள்ளே கட்டி இருந்தால் அதன் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் மிதக்குமாம். எடுத்த ரத்தத்தைக் குழாயில் இருக்கும் மருந்தோடு இப்படித்தான் கலக்க வேண்டும். குலுக்கினால் ரத்த அணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏவும் கலந்துவிடும், தேடுவது கிடைக்காது. "தூங்குற குழந்தையத் திருப்பிப் படுக்க வைக்கிற மாதிரி பண்ணணும்" என்பார்.

போன வாரம் அவர் குலுக்கிவிட்டார். அதுவும் சொந்த அண்ணனின் ரத்தத்தை.

அவர்களுடைய அப்பாவும் அத்தையும் கணையப் புற்றுநோயில் போனவர்கள். இருவருக்குமே நோயைக் கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. அதனால்தான் அண்ணனை நச்சரித்து அழைத்து வந்தார். ஊசி குத்தும்போது நடுங்காத கை, குழாய் நிறைந்ததும் நடுங்கியிருக்கிறது. ரத்தம் கெட்டுவிட்டது, மறுபடி எடுங்கள் என்று சோதனைக்கு அனுப்பிய இடத்திலிருந்து தகவல் வந்தது.

நான் சர்க்கரைக்காரன். சாப்பிட்ட பிறகு எடுக்கும் ரத்தத்துக்காகக் காத்திருந்தேன். அப்போதுதான் கொசு அக்காவின் அண்ணன் வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பெஞ்சில் உட்கார்ந்ததுமே அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை அழுத்த ஆரம்பித்தது.

"ஒண்ணும் இல்லன்னா எதுக்கு மறுபடி கூப்பிடுறாங்க? என்ன வந்திருக்குன்னு சொல்லிடு."

"ஒண்ணும் வரலண்ணே. நான் குலுக்கிட்டேன்."

"நீயா? நாள் முழுக்க இதே வேலையப் பாக்குறவ. யார்கிட்ட கதை விடுற?"

"சத்தியமா நான்தான். அடுத்தவங்க ரத்தம்னா கை நிக்குது. உன்னோடதுன்னதும் அப்பா ஞாபகம் வந்துருச்சு."

அண்ணன் நம்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. வெறும் அல்சர்தான் என்று அப்பாவிடம் கடைசிவரை சாதித்தவரும் இதே தங்கைதான்.

"சரி, நீ உன் ரத்தத்தக் குடுத்துட்டியா? உனக்கும் அவர்தானே அப்பா?"

கொசு அக்கா மெதுவாக, "பயமா இருக்குண்ணே" என்றார்.

"எனக்கு மட்டும் இனிக்குதா? முதல்ல நீ குடு. அப்புறம் பாக்கலாம்."

கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டு, தினமும் எங்களை உட்கார வைக்கும் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். அந்தப் பெண் ரப்பர் பட்டையைக் கட்டி, "சுவத்தப் பாருங்கக்கா" என்றாள். பார்த்தார். அண்ணனின் கால் தரையை அழுத்தியபடியே இருந்தது.

குழாய் நிறைந்தது. அந்தப் பெண் அதை எடுத்துக் கவிழ்க்கத் தொடங்கினாள். சுவரையே பார்த்துக்கொண்டிருந்த கொசு அக்காவின் இன்னொரு கை, மடியில், எதையும் பிடிக்காமல் கவிழ்ந்து நிமிர்ந்தது. மெல்லத்தான் கவிழ்த்தார், ஆனால் விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் சட்டைக் கையை மடிக்கத் தொடங்கினார்.