அடிப்பக்கம் இல்லாத நிலா

எனக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, பாத்திரம்தான் பேசும். மாமனாருக்குப் பக்கவாதம் வந்ததும், "ஆறு மாசம் இருந்து பார்த்துக்கிடுவோம்" என்று பெங்களூர் வேலையை விடவைத்து, கணவர் என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவர் தினமும் இராஜபாளையத்தில் இருக்கும், குடும்பத்துக்குச் சொந்தமான பேண்டேஜ் துணி யூனிட்டுக்குப் போய்விடுவார். நான் அடுப்படிக்கும் மாமாவின் கட்டிலுக்கும் நடுவில் நடந்தேன். ஆறு மாதம் எப்போதோ போய்விட்டது.

மதியம் மாமா தூங்கும் நேரம் மட்டும் என்னுடையது. என் லேப்டாப்பில், விண்கலம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் ஒன்றில் ஒரு குட்டி நிலாவைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். உருண்டை நிலா இல்லை, கோணல்மாணலானது. தன் போக்கில் போய்க்கொண்டிருந்த கல், பெரிய கோளின் பக்கமாக வந்து மாட்டிக்கொண்டு, அன்றிலிருந்து அதையே சுற்றுகிற வகை. அது படும் பாட்டை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

வடிவத்துக்காக, வாசல் கதவு அடிக்காமல் முட்டுக்கொடுத்திருக்கும் கல்லைப் போனில் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தேன். படங்களைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே உருவமாக்கிவிடும். கல்லைப் புரட்டி எடுக்க மறந்துபோனதால், என் நிலாவுக்கு அடிப்பக்கமே இல்லை. அந்தப் பக்கமாக இறங்கிய விண்கலம் ஓட்டைக்குள் விழுந்து, உள்ளேயே முட்டி மோதிக்கொண்டு கிடந்தது.

நான் அனுப்பியிருந்த மாதிரியைப் பார்த்துவிட்டு, ஓட்டையைச் சரிசெய்து அனுப்பினால் புதிய பதிப்பில் சேர்ப்பதாகவும், வீட்டிலிருந்தே செய்யும்படி சம்பளத்துக்கு வேலை தருவதாகவும் சிமுலேட்டர்க்காரர்கள் எழுதியிருந்தார்கள். கடைசி நாள் சரியாக ஆயுத பூஜையன்று வந்து விழுந்தது.

அன்று குளித்துவிட்டு வந்து பார்த்தால், அரிவாள்மனைக்கும் யூனிட்டிலிருந்து வந்த கத்தரிக்கோல்களுக்கும் நடுவில் என் லேப்டாப் சந்தனம் குங்குமத்தோடு சாமிமுன் இருந்தது.

"அத்தை, இன்னிக்கு ராத்திரிக்குள்ள அனுப்பணும். எடுத்துக்கிடுதேன்."

"பூசைல வச்சத எப்படி எடுக்க? நாளைக்குக் காலைல எடுத்துக்கிடலாம். ஒரு நாளாச்சும் வேலயில்லாம சும்மா இரேன் ஏட்டி," என்றார் மாமியார். அக்கறையாகத்தான் சொன்னார். கணவரும் "ஒரு நாள்தானே" என்றார். சொன்ன கையோடு, மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமைத்தேன், பரிமாறினேன், பாத்திரங்களைப் பேசவிட்டேன். எல்லாம் முடிந்ததும் கேஸ் லைட்டரையும் தீப்பெட்டியையும் எடுத்து, பொட்டு வைத்து, லேப்டாப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னத்துக்கு?" என்றார் மாமியார்.

"நான் தினமும் பிடிக்கிற ஆயுதம் இதுதானே அத்தை. இதுவும் ஒரு நாள் சும்மா இருக்கட்டும்."

அவர் போய்ப் படுத்துக்கொண்டார். லேப்டாப்பை எடுக்க எனக்கும் தைரியம் வரவில்லை. பொழுது சாய்ந்தது. மாத்திரைக்கு முன்னால் மாமா குடிக்கும் கஞ்சிக்கு நேரமானது. அவர் முனகுவது கேட்டும் நான் அசையவில்லை. அப்படி உட்கார்ந்திருந்ததற்காக என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மாமியார் எழுந்து வந்து சாமிமுன் கொஞ்ச நேரம் நின்றார். கன்னத்தில் போட்டுக்கொண்டு லைட்டரை எடுத்தார்.

"கஞ்சிய நான் வைக்கேன். ஒண்ண எடுத்தாச்சு, பொறவு என்ன? ஒன்னோடதையும் எடுத்துக்கோ."

குங்குமக் கையோடு ஓட்டையை அடைத்து அனுப்பினேன். நிலா சேர்ந்தது, வேலையும் கிடைத்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் பொய்யில்லை.

இப்போது மாமாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். நடுநடுவே எழுந்து கஞ்சி வைக்கிறேன். "இனி அவ எங்கயும் போக வேண்டியதில்ல" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் நிம்மதியாகச் சொல்கிறார். பெங்களூர்ப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுப்பதற்கு எனக்கும் இப்போது ஒரு காரணமும் இல்லை.