கப்பலேறிப் போய்த் தூக்காமல் வந்தது

பளு தூக்கும் சர்வதேசப் போட்டிக்குப் போய் வந்தவன் நான். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறார்கள். அந்த மரியாதை எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நடந்ததை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

சுதந்திரம் வந்த புதிது. எனக்கு இருபத்திரண்டு வயது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், தகரக் கூரை போட்ட தேகப்பயிற்சிக் கூடம் இருந்தது. படிப்பை முடித்து வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்த நான் காலையில் அங்கே போவேன். மார்பு கொஞ்சம் அகன்றிருந்தது. கண்ணாடியில் பார்க்க நன்றாயிருந்தது. அதற்கு மேல் எனக்கும் இரும்புக்கும் பெரிய உறவு கிடையாது.

என் அம்மாவின் அண்ணா, அதாவது என் மாமா, பளு தூக்குவோர் சங்கத்தின் காரியதரிசி. தொழில் வக்கீல். வாழ்நாளில் அவர் தூக்கிய அதிகபட்ச எடை ஒரு வெள்ளிக் கூஜா. அதையும் பாதி நாள் குமாஸ்தாதான் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். சங்கத் தலைவர் தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். கூட்டம் தொடங்கியதும் தூங்கி, காப்பி வந்ததும் விழித்துக்கொள்வார். மற்ற அங்கத்தினர்களும் இதே ரகம். கழுத்தில் மாலையும் பத்திரிகையில் போட்டோவும் விழுந்தால் அவர்களுக்கு ஜன்மம் சாபல்யம்.

உண்மையாகத் தூக்கியவர் ஒருவர் இருந்தார். சாந்தோமில் ஒரு பள்ளியில் டிரில் மாஸ்டர். முப்பது வயது, குள்ளம், என் எடைப் பிரிவேதான். விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு நேரே கூடத்துக்கு வருவார். எங்களைப் போலத் தொடையைத் தட்டுவது, ஹா ஹூ என்று கத்துவது எதுவும் இல்லை. ரேஷன் அரிசிச் சோறும் கடற்கரையில் வாங்கிய மீனும் சாப்பிட்டு அந்த உடம்பை எப்படி வளர்த்தார் என்று எனக்குப் புரிந்ததேயில்லை.

சீமையில் நடக்கும் ஒரு போட்டிக்கு எங்கள் சங்கத்திலிருந்து ஒரு வீரரையும் ஒரு மானேஜரையும் அனுப்பலாம் என்று கடிதம் வந்தது. மானேஜர் யார் என்பது முதல் கூட்டத்தில் ஐந்து நிமிஷத்தில் முடிவாயிற்று: மாமா. வீரரைத் தேர்ந்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்திலேயே போட்டி வைத்தார்கள். தூக்குவதில் மூன்று வகை. முதலாவது, தோளிலிருந்து தலைக்கு மேல் நேராகத் தள்ளுவது; அதற்கு பிரஸ் என்று பெயர். அதில் டிரில் மாஸ்டர் இருநூறு பவுண்டு தள்ளினார். நான் நூற்றெழுபதில் முக்கி முனகி நின்றேன். மற்ற இரண்டு வகையிலும் அதே கதை. மாமாவே கைதட்டி, விண்ணப்பத்தில் அவர் பெயரையும் தூக்கிய எடைகளையும் எழுதிக்கொண்டார்.

டிரில் மாஸ்டருக்குப் பள்ளியில் மூன்று மாதம் லீவு வேண்டும். அதற்குச் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்பதால் மாமா என்னைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, கையெழுத்துப் போடாமல் மேஜை டிராயரில் வைத்தார்.

"தபால்ல சேர்த்துடட்டுமா மாமா?"

"இப்ப என்ன அவசரம்? இருக்கட்டும்டா."

அந்த 'இருக்கட்டும்' எனக்குப் புரிந்தது. அன்றைக்கே புரிந்தது. புரியாத மாதிரி வீட்டுக்கு வந்து, கண்ணாடி முன்னால் நின்று மார்பைப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, கடிதம் வராததால் லீவு தர முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். மாமா கூட்டத்தில் உதட்டைப் பிதுக்கினார். "அவருக்கு லீவு கெடைக்கல்லே. நாம என்ன பண்றது? நம்மாத்துப் பையன் ஒருத்தன் இருக்கான், இங்கிலீஷும் நன்னா பேசுவான்." இங்கிலீஷ் பேசினால் இரும்பு தானாக மேலே போய்விடும் என்று அங்கே ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர் விழித்துக்கொண்டு ஆமோதித்தார். விண்ணப்பத்தில் டிரில் மாஸ்டரின் பெயரை மட்டும் அடித்து என் பெயரைப் போட்டார்கள். அவர் தூக்கிய எடைகள் அப்படியே இருந்தன. திருத்தி டைப் அடித்ததும் நான்தான்.

கப்பலில் மூன்று வாரம் எனக்கு வாந்தி. மாமாவுக்குப் பசி. கொண்டுவந்த அப்பளத்தைக் கப்பல் சமையல்காரனிடம் பொரிக்கக் கொடுத்து, சக பிரயாணிகளிடம் இந்தியாவின் வீரப் பரம்பரையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

போட்டி நடந்த மண்டபத்தின் பின்னால் ஒத்திகைக்கென்று ஓர் அறை இருந்தது. எகிப்துக்காரர்களும் அமெரிக்கர்களும் நான் தூக்க முடியாததை உடம்பு சூடாவதற்காகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மாமாவிடம் கெஞ்சினேன்.

"ஆரம்ப எடையைக் குறைச்சுச் சொல்லுங்கோ மாமா. நூற்றறுபது போறும்."

"சீ, அசடு! ஃபாரத்துல இருநூறுன்னு போட்டுருக்கு. குறைச்சா தேசத்துக்கே அவமானம்டா."

இருநூறுக்குச் சரியான கிலோவைச் சொல்லிவிட்டு, முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒருமுறை அறிவித்த எடையிலிருந்து கீழே இறங்க முடியாது. மூன்று முறை மேடையேறினேன். மூன்று முறையும் எடை கோத்த கம்பி, அந்தப் பார், தோளுக்கு வந்தது, நெற்றியைத் தாண்டவில்லை. கடைசித் தடவை அது என்னைப் பின்னுக்குத் தள்ளி உட்கார வைத்தது. பிரஸ்ஸில் மூன்றும் தவறினால் மற்ற வகைகளுக்கு இடமில்லை. கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள், நொண்டிக் குதிரையைத் தட்டிக் கொடுப்பது போல. அவர்கள்மேலும் எனக்குக் கோபம் வந்தது.

"குளிர் ஒத்துக்கல்லேன்னு சொல்லிடலாம்," என்றார் மாமா. அன்று மாலையே பட்டணம் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

சென்ட்ரலில் ரயிலிலிருந்து இறங்கியபோது பாண்டு வாத்தியம். மறுநாள் மயிலாப்பூரில் ஒரு சபா மண்டபத்தில் வரவேற்பு. "உலக மேடையில் நம் பையன் நின்றான்!" என்று மாமா முழங்கினார். பொய்யில்லை, நின்றேன்தான். எத்தனாவது இடம் என்று அந்தக் கூட்டத்தில் ஓர் ஆத்மாகூடக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை அவர்களுக்கு. போளி நன்றாயிருந்தது என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

அடுத்த நாள் காலை கூடத்துக்குப் போனேன். டிரில் மாஸ்டர் தனியாகத் துணியால் பாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இன்னா தம்பி, மூணும் போச்சாமே?"

"யார் சொன்னா?"

"இங்கிலீஷ் பேப்பர்ல பொடி எழுத்துல வந்துச்சு. படிக்கத் தெரியாதா எனக்கு?"

அவர் பாரைக் காலால் ஒருமுறை உருட்டிவிட்டார்.

"அந்த லெட்டர் அடிச்சது நீதானே? டிராயர்லயே கீதுன்னு உனுக்குத் தெரியும். உங்க மாமாவோட குமாஸ்தா சொல்லிட்டாரு."

"தெரியும் மாஸ்டர்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கெட்டுப்போன மீனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கூடையிலேயே போடுகிறவரின் பார்வை அது.

"நாளையிலேர்ந்து நீ இங்க வராத. நான் இருக்கிற எடத்துல வராத." பிறகு, நான் திரும்பும்போது, "இரு. அந்த எகிப்துக்காரனுங்க ஸ்நாட்ச் எப்படிப் பண்றானுங்க? காலைப் பிரிக்கிறானுங்களா, குந்துறானுங்களா? அதைச் சொல்லிட்டுப் போ."

ஸ்நாட்ச் என்பது தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோவது. ஒரு மூங்கில் கழியை எடுத்து அவர்கள் செய்ததைச் செய்து காட்டினேன். அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பின்காலின் முட்டி தரையிலிருந்து எவ்வளவு உயரம்? கண் எங்கே பார்த்தது? குதிகால் முதலில் எழுந்ததா, இடுப்பா? பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

"நீ காட்டுறது தப்பு. இப்படி இருந்தா அவன் முன்னால வுழுந்திருப்பான்," என்று கழியைப் பிடுங்கினார். தானே செய்தார். நாலாவது தடவை அப்படியே இருந்தது, நான் சீமையில் பார்த்த மாதிரியே.

"ஆமா மாஸ்டர், அதேதான்."

"சரி, போ."

போய்விட்டேன். சங்கத்தை விட்டு விலகுகிறேன் என்று மாமாவிடம் சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. அடையாற்றில் தனக்குத் தெரிந்த ஒரு ஜட்ஜின் பிள்ளைக்கு நல்ல தோள் இருக்கிறது, அடுத்த முறை அவனைப் பார்க்கலாம் என்றார்.