வழியில் நிற்காத பேருந்து

என் மருமகள் பல் துலக்கி முடிப்பதற்குள் நாற்பது கணக்குப் போட்டுவிடுவாள். சரி, நான்கு. அதிலும் ஒன்று தப்பு. குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிய தாளை வாய் நிறைய நுரையோடு முறைத்தபடி, இடது கை விரலால் காற்றில் பெருக்குவாள். கதவைத் தட்டினால், "இருங்க அத்தை, வகுத்துட்டு வந்துடறேன்!" என்று குரல் வரும்.

பதினோரு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஆசையோ ரயில் ஓட்ட. நடுவே ஒரு கணக்குத் தேர்வு குறுக்கே படுத்திருக்கிறது. மூன்று முறைதான் எழுதவிடுவார்கள். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று.

செய்த பிழைகளுக்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு பிழைக்கும் ஓர் உறவினர் பெயர். கழித்தல் குறியை விட்டுவிட்டால் அது என் மகன். கடைக்குப் போனால் எதையாவது மறந்துவிட்டுத்தான் வருவான். இரண்டு வரியில் முடிவதை இருபது வரி இழுத்தால் அவளுடைய சித்தி. விடை ஊதிப் பெருத்துவிட்டால் 'அத்தை' என்று எழுதுகிறாள். எந்த அத்தை என்று நான் விசாரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேசைதான் தேர்வுக்கூடம். பழைய வினாத்தாள், மூன்று மணி நேரம், கைப்பேசி அலமாரியில். கண்காணிப்பாளர் என் மகன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பான்.

"அடுப்புல பால் பொங்குது சார்."

"பேசக் கூடாது. பேப்பரைப் பாருங்க."

பால் பொங்கி வழிந்தது. துடைத்தவர் கண்காணிப்பாளர்.

இரண்டு முறையும் அவளைக் கவிழ்த்தது வேகக் கணக்குத்தான். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் பேருந்து அறுபது கிலோமீட்டர் போக எவ்வளவு நேரமாகும்? ஒன்றரை மணி என்று பச்சைக் குழந்தையும் சொல்லும். இவள் இரண்டு மணி பத்து நிமிடம் என்று எழுதிவைப்பாள்.

"நடுவுல ஸ்டாப் வராதா? சிக்னல் விழாதா? ஒரு பாட்டி படியில காலை வெச்சா ஏறட்டும்னு நிக்க மாட்டானா?"

"கேள்வியில பாட்டியே கிடையாது!" என்று தலையில் அடித்துக்கொள்வான் மகன்.

"அப்போ யாருக்காக அந்த பஸ்ஸை ஓட்டறான்?"

அவன் வினாத்தாளை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன்.

கடைசியில் வழியை அவளேதான் கண்டுபிடித்தாள். கணக்கில் பேருந்து வந்தால் போதும், முதல் வேலையாக ஓரத்தில் சின்னக் கட்டம் போட்டு, 'ஆள் இல்லாத வண்டி. டிப்போவுக்குத் திரும்புகிறது' என்று எழுதுவாள். டிப்போவுக்குத் திரும்பும் வண்டி எங்கும் நிற்காதல்லவா? அதன்பின் விடை வழுக்கிக்கொண்டு வந்து விழும். மூன்றாம் முறை தேர்வெழுதப் போனபோது அந்தக் கட்டத்தை நம்பித்தான் போனாள்.

போன வாரம், மதிய வண்டியைக் கிளப்பும் நேரத்தில் முடிவு வந்தது. தேர்ச்சி. மகன் அப்போது அதே வண்டியில் முன் இருக்கையில் இருந்தான். 'அந்தச் சந்தோஷத்தில் அவள் அன்று பேருந்தை விமானம்போலப் பறக்கவிட்டாள்' என்று எழுதி இந்தக் கதையை முடித்தேன். என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டிருந்தவன் விடவில்லை.

"பொய்ம்மா! அன்னிக்கு வண்டி இருபது நிமிஷம் லேட்டு. ஸ்டாப்பே இல்லாத இடத்துலகூட, கை காட்டினவங்களுக்கெல்லாம் நிறுத்தினா. ஒருத்தர் தலையைச் சொறியத்தான் கையைத் தூக்கினாரு. அவருக்கும் நிறுத்தி, கதவைத் தொறந்து வெச்சுக் காத்துக்கிட்டிருந்தா."