“நீங்க” என்றால் கனவு

கனவு காணும்போதே இது கனவுதான் என்று தாண்டவன்வெளி அல்பேட்டுக்குத் தெரிந்துவிடும். இருபத்தைந்து வருடம் கந்தோரில் பியோனாக இருந்து அவர் சம்பாதித்த பெருமை இது ஒன்றுதான் என்பது அவருடைய பெண்சாதி மார்கிறட்டின் எண்ணம்.

காலைத் தேத்தண்ணியோடு அந்தப் பெருமை அவிழும். வாவியின் மேலே நடந்தே அக்கரையில் இருக்கும் வவுணதீவுக்குப் போனாராம், கால் நனையவில்லையாம். நடுவழியில், ஓகோ, இது கனவு, நினைத்தது நடக்கும் என்று விளங்கியதும் கந்தோர்த் துரையைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னாராம். துரையும் கைகட்டி நின்று ஊற்றினாராம்.

மார்கிறட் ரொட்டியைத் திருப்பிக்கொண்டே கேட்பாள். பறக்கலாம், ராசாவாக இருக்கலாம். நினைத்ததெல்லாம் நடக்கிற இடத்துக்குப் போயும் ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு மேலே கேட்கத் தெரியவில்லையே இந்த மனிசனுக்கு. அங்கேயும் பியோன்தான், கோப்பை மட்டும் கைமாறியிருக்கிறது.

அங்கே அவர் பெரிய கொடையாளியும்கூட. யார் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாராம், கனவில் போனால் என்ன குறைந்துவிடும் என்று. நனவில் கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. ஊர் வழக்கப்படி ஒரு தகரப்பெட்டியோடு பெண்சாதி வீட்டுக்கு வந்தவர். வீடு மார்கிறட்டுக்குத் தாய் கொடுத்தது. வவுணதீவு வட்டையில், அந்தப் பெரிய வயல்வெளியில், இருந்த மூன்று ஏக்கரும் அப்படித்தான். வீடு மூத்த மகள் பிலோமினாவுக்கு, வயல் இளையவளுக்கு என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

கனவென்று எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது என்று ஒருநாள் கேட்டாள்.

“நீ என்னை ‘நீங்க’ எண்டு சொல்லுவாய். சிரிச்ச முகமா நிப்பாய். உடனே விளங்கிரும்.”

மார்கிறட் மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். கலியாணம் முடித்த இருபத்திரண்டு வருடத்தில் அவரை ‘நீங்க’ என்று அழைக்கும்படி அவர் எதையும் செய்து காட்டவில்லை. அவரும் அதற்காக மனத்தாங்கல் பட்டதில்லை.

அறுபத்திரண்டாம் ஆண்டு ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலோமினாவைப் பார்க்கக் கல்லாற்றிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை றோய் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன், தங்கமான பையன். இந்த இடம் தவறினால் இன்னொன்று இப்படி வராது என்று மார்கிறட்டுக்குத் தெரியும். நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் இரண்டரைக்கே வாசற்படலையில் நின்றார்கள். மாப்பிள்ளையின் தாய் பீற்றிஸ் முன்னால், தகப்பன் பிலிப்பு பின்னால். அல்பேட் சோறு தின்ற களையில், விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் வாயைத் திறந்தபடி கிடந்தார்.

வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கணவனைக் காலால் தட்டி எழுப்ப முடியுமா? மார்கிறட் முகத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டு குனிந்தாள்.

“இஞ்சேருங்க, எழும்புங்க. ஆக்கள் வந்திருக்காங்க.”

அல்பேட் கண்ணைத் திறந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார். முகம் மலர்ந்தது. அது காலைத் தேத்தண்ணி நேரத்து மலர்ச்சி என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

பீற்றிஸ் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வவுணதீவுப் பக்கம் வயலும் இருக்காமே என்று மெதுவாகத் தொடங்கினாள். அதற்கான பதிலை மார்கிறட் ஒரு கிழமையாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வாயைத் திறக்குமுன்னே அல்பேட் கையை விரித்தார்.

“வயலென்ன, வட்டை முழுக்கத் தாறன். எடுங்க.” பிறகு பிலிப்பைப் பார்த்து, “நீ எழும்பிப் போய் எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வா” என்றார்.

பிலிப்பு பாதி எழும்பியும் விட்டார்.

மார்கிறட்டுக்கு எல்லாம் விளங்கியது. “எழும்பிப் போய் மூஞ்சியக் கழுவு” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தக் குரலில் அல்பேட்டின் முகம் வெளிறியது. எழும்பிக் கிணற்றடிக்குப் போனார்.

“சொன்ன சொல்லு சொல்லுத்தானே மச்சாள்” என்றாள் பீற்றிஸ்.

“வயல் என்ட தாய் எனக்குத் தந்தது. அதுல வாக்குக் குடுக்க அவருக்கு உரிமையில்ல.”

பீற்றிஸும் தாய் தந்த வீட்டில் இருப்பவள்தான். அதற்கு மேல் வயலைப் பற்றி வாதாட முடியவில்லை. ஆனாலும் விடவில்லை. “அப்ப ஏன்கா அப்படிச் சொன்னவர்?”

கனவென்று நினைத்துச் சொன்னார் என்றால், விசர் பிடித்த குடும்பம் என்று கல்லாறு முழுக்கக் கதை பரவும். பிலோமினாவின் கலியாணம் அதோடு சரி. இளையவளையும் எவனும் எட்டிப் பார்க்கமாட்டான். மார்கிறட் தலையைக் குனிந்துகொண்டாள்.

“மத்தியானம் கொஞ்சம் போட்டுட்டார், மச்சாள்.”

அல்பேட் சாராயம் தொட்டறியாதவர். கிணற்றடியில் வாளி கல்லில் இடித்த சத்தம் கேட்டது. பீற்றிஸ் தன் புருசனை ஒருமுறை பார்த்தாள், முகம் இளகியது. “நம்மட வீட்டிலயும் உள்ளதுதானேகா” என்றாள். வீட்டை மட்டும் சீதனமாகப் பேசிக் கலியாணம் முற்றாகியது.

ஆவணியில் கலியாணம். அதற்கு முந்திய கிழமை, கதை காதில் விழுந்த பங்குப் பாதர் அல்பேட்டைத் தனியே கூப்பிட்டுக் குடியை விடும்படி புத்தி சொன்னார். அல்பேட் ஓம் பாதர் என்று கேட்டுக்கொண்டு வந்தார். கலியாணத்தன்று பிலிப்பு அவர் தோளில் கைபோட்டுக் குசினிக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் போத்தலைத் திறந்தார். அல்பேட் திரும்பிப் பார்த்தார். நாலடி தூரத்தில் மார்கிறட் கேக் துண்டுகளைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். இவர் குடிக்கிறவர் இல்லை என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும். அவள் கேக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அல்பேட் கிளாசை வாங்கி ஒரே மூச்சில் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

பிலிப்பு முதுகில் தட்டி, “பழகின ஆள்தான்” என்று இன்னொன்று ஊற்றினார்.