அண்ணாச்சி அழிக்காத பெயர்

செவ்வாய்க்கிழமை கார்டு வந்தது. பாளையங்கோட்டையில் நான் கல்லூரிக்குப் புறப்படும் நேரம். தூத்துக்குடி நண்பன் தங்கையாவின் கையெழுத்து. கப்பல் கம்பெனிக் குமாஸ்தாவின் சாய்ந்த, அவசரமில்லாத எழுத்து.

"பிச்சையா அண்ணாச்சி ஞாயிறு காலை கடலில், படகிலேயே காலமானார். மாரடைப்பு. நேற்றே எல்லாம் முடிந்தது. சிலேட்டில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது. யாரும் தொடவில்லை. நீ வர வேண்டும்."

அன்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

இதைப் படிக்கும் தூத்துக்குடிக்காரர்கள் பலருக்கு அவரைத் தெரியும். கடைத்தெருவில் கயிற்றுக்கடை. தோணிக்காரர்களுக்குக் கயிறும் ஆணியும் தாரும் விற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையை அடைத்துவிட்டு எங்களோடு தூண்டில் போட வருவார். யுத்தம் முடிந்த கையோடு நாங்கள் தொடங்கிய தூண்டில் கிளப்பு. குமாஸ்தாக்கள், இரண்டு கடைக்காரர்கள், ஒரு கம்பவுண்டர், படிப்பு முடித்து வேலையில்லாமல் இருந்த நான். கடலில் பிறந்தவர் ஒருவரும் இல்லை. எங்களுக்குப் படகு வலித்த மிக்கேலும் அவர் தம்பி சூசையும் எங்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள்: "மீனு வாங்கத் தெரியாதவிய, பிடிக்க வந்துட்டாவ."

அண்ணாச்சிதான் அதிகம் சிரிப்பார். அவர் தூண்டிலில் மீன் விழுவது அபூர்வம்.

ஆனால் ஒரு விஷயத்தில் சிரிக்க மாட்டார். எங்கள் ஓலைக் கொட்டகையின் வாசல் கம்பத்தில் ஒரு சிலேட்டு தொங்கியது. கடலுக்குப் போகிறவன் தன் பெயரை எழுதிவிட்டுப் போக வேண்டும். திரும்பியதும் தன் கையால் அழிக்க வேண்டும். அடுத்தவன் அழிக்கக் கூடாது. சிலேட்டில் ஒரு பெயர் இருக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. அவர் வைத்த விதி. பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் தண்ணீரும் துணியும்.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்று. சூசையோடு நான் மட்டும் படகில் போனேன். தூண்டிலை இறக்கிக் கால்மணி நேரத்தில் குமட்டல். அடி வயிற்றிலிருந்து எல்லாம் வந்தது. கொட்டகைக் கரையில் மீன் வாங்க வரும் பெண்கள் முன்னால் அந்த முகத்தோடு இறங்க எனக்கு வெட்கம். வடக்கே, உப்பளத்துப் பக்கம் இறக்கிவிடச் சொன்னேன். சூசை இறக்கிவிட்டு, அப்படியே பாய் விரித்துத் தருவைகுளத்துக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். நான் வயல்வெளியில் நடப்பதுபோல உப்புப் பாத்தி வரப்பில் நடந்து மேலூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தேன். குளித்தேன். சலவை வேட்டி கட்டினேன். ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு படுத்தேன்.

சிலேட்டு நினைவுக்கே வரவில்லை.

பகல் ஏற ஏறக் கச்சான் காற்று வலுத்தது. கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. போவது சுலபம். திரும்புவதுதான் கஷ்டம். மற்றப் படகெல்லாம் வந்துவிட்டன. சிலேட்டில் என் பெயர் மட்டும். பிறகு நடந்ததைத் தங்கையா பலமுறை சொல்லியிருக்கிறான்.

"அவன் வீட்டுக்குப் போயிருப்பான் அண்ணாச்சி. காலையிலேயே மூஞ்சி சரியில்ல. நான் அழிச்சிருதேன்."

"அது ஒன் பேராலே?"

"இல்ல."

"அப்பம் கைய எடு."

தங்கையா கையை எடுத்தான். அண்ணாச்சி கடலைப் பார்த்தாராம்.

"நீ அவன் வீட்டுக்குப் போ. நான் கடலுக்குப் போறேன். ரெண்டுல ஒண்ணுலதான் இருப்பான். வீட்டுல இருந்தா ரொம்ப நல்லது."

"அது வரைக்கும் பொறுங்களேன் அண்ணாச்சி."

"நீ மேலூரு போயிட்டு வாரதுக்குள்ள காத்து என்னைய விடாதுலே."

மிக்கேலைக் கூப்பிட்டார். போகுமுன் சிலேட்டில் தன் பெயரை எழுதினார். கீழே மிக்கேலின் பெயரையும் எழுதினார். படகு வலிப்பவர் பெயர் அதுவரை அந்தச் சிலேட்டில் ஏறியதில்லை. அது எங்களுக்குத் தோன்றியதே இல்லை. மிக்கேல் சிரித்தாராம். "என் பேரு எதுக்கு அண்ணாச்சி?"

"ஒனக்கும் வீடு இருக்குல்லா."

எங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோது தங்கையாவுக்கு மூச்சு வாங்கியது. அம்மா திறந்தாள். "தங்கையாவா? உள்ள வா. அவன் படிக்கான்."

அவன் உள்ளே வரவில்லை. நடையிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஒங்க அம்மைகிட்ட எப்படிச் சொல்லப் போறேன்னு வழியெல்லாம் நெனச்சுக்கிட்டே வந்தேன். நீ படிக்கியாலே?" பிறகு சொன்னான். "ஒன்னத் தேடி அண்ணாச்சி போயிட்டாரு."

ஓடினேன். கடற்கரையில் அந்த நேரத்தில் மணல் பறந்தது. தோணிகள் எல்லாம் நங்கூரத்தில் ஆடின. கடல் கரையருகே தட்டையாகவும் தொலைவில் வெள்ளை வெள்ளையாகவும் இருந்தது. படகு எதுவும் இல்லை. அவரைத் தேட இன்னொரு படகை அனுப்பலாமா என்று கேட்டேன். கம்பவுண்டர் என் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் எத்தனை பேர எழுதணும்?" என்றார்.

சிலேட்டில் மூன்று பெயர்கள். மேலே நான். துணியை எடுத்தேன். வைத்துவிட்டேன். என் பெயரை அழித்துவிட்டால் அவர் எதற்குப் போனார் என்பதும் அழிந்துவிடும்போல இருந்தது.

உச்சிப் பொழுதில் அவர் மனைவி வந்தார். ஞாயிறுதோறும் அவருக்குச் சாப்பாடு கொண்டுவருவார். கையில் பித்தளைத் தூக்குவாளி. நடந்ததை நான்தான் சொன்னேன். முழுவதும் சொன்னேன். உப்பளம், குளியல், புத்தகம் எல்லாம்.

"எப்பம் போனாவ?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

தூக்குவாளியைக் கொட்டகை நிழலில் வைத்தார். நிழல் நகர்ந்தபோது அதையும் நகர்த்தி வைத்தார். மறுபடி நிழல் நகர்ந்தது. மறுபடி நகர்த்தினார். நான் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலைப் பார்க்க முடியவில்லை.

வெயில் தணிந்ததும் காற்றும் தணிந்தது. முயல் தீவின் முனையில் முதலில் ஒரு புள்ளி. பிறகு துடுப்பு. பாய் இல்லை, கிழிந்திருந்தது. தீவின் மறைவில் காற்று விழும்வரை காத்திருந்து, பிறகு இருவரும் மாறி மாறி வலித்து வந்திருக்கிறார்கள். தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்தோம். அண்ணாச்சியின் உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. ஆயுள் முழுக்கக் கயிறு விற்ற கை.

என்னைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார்.

"குளிச்சிட்டியாலே?"

"ஆமா அண்ணாச்சி."

"நல்லது. போயி அழி."

நான் அழித்தேன். மிக்கேல் அழித்தார். அண்ணாச்சி கடைசியாக அழித்தார். ஈரத்துணி பட்டதும் கை எரிந்திருக்க வேண்டும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தங்கையாவால் பொறுக்க முடியவில்லை. "வீட்டுலதான் இருப்பான்னு நான் அப்பமே சொன்னேம்லா?"

"நீ சொன்னது சரியாப் போச்சு. தப்பாப் போயிருந்தா?"

அவர் மனைவி தூக்குவாளியைத் திறந்தார். மிக்கேலும் அண்ணாச்சியும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். அடுத்த ஞாயிறு முதல் படகு வலிப்பவர்கள் பெயரும் சிலேட்டில் ஏறியது.

நான்கு நாள் கழித்து மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனேன். கையில் துணிக்கட்டோடு கயிற்றை இரு கையும் விரித்துப் பாகம் பாகமாக அளந்துகொண்டிருந்தார். "அண்ணாச்சி..." என்றேன். "எண்ணுதேன். பேசாத." நின்றேன். மறுபடி வாயெடுத்தேன். நிறுத்தினார். "எத்தன பாகம்னு போச்சு. ஒன்னாலதான்." கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "பிடி." முதலிலிருந்து அளந்தோம். அந்த ஞாயிறு பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். என்ன புத்தகம் என்று அவர் கேட்டதே இல்லை. எனக்கும் இப்போது நினைவில்லை.

கார்டு வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்குப் போனேன். எல்லோரும் கொட்டகையில் இருந்தார்கள். ஒரு படகும் இறங்கவில்லை. சிலேட்டில் "பிச்சையா". அதன்கீழ் துணியால் அழித்த தடம். போன ஞாயிறு அவரைக் கரைக்குக் கொண்டுவந்த மிக்கேல் தன் பெயரை மட்டும் அழித்திருக்கிறார்.

"கரைக்கு வந்துட்டார்லா. அழிச்சா என்ன?" என்றார் கம்பவுண்டர்.

"கொண்டாந்தது நான்," என்றார் மிக்கேல். "அவரு வரலையே."

"அப்பம் இனிமே ஒருத்தனும் கடலுக்குப் போயிட்டு வீட்டுக்குத் திரும்ப முடியாதா?"

தங்கையா துணியை நனைத்துப் பிழிந்து என்னிடம் நீட்டினான். "நீ அழி. ஒனக்காக ஒரு தடவ போனாரு. நீ அழிச்சா அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

வாங்கிக்கொண்டேன். கையை உயர்த்தினேன். அது என் பெயரில்லை. சிலேட்டைக் கம்பத்திலிருந்து கழற்றினேன். கடைத்தெருவுக்குப் போய்ப் புதுச் சிலேட்டு ஒன்று வாங்கிவந்து அதே ஆணியில் மாட்டினேன். என் பெயரை எழுதினேன். கீழே மிக்கேல் என்று எழுதினேன். அவர் படகைத் தள்ளினார்.

கால்மணி நேரத்தில் குமட்டியது. "வடக்க விடணுமா தம்பி?" என்றார் மிக்கேல்.

"வேண்டாம். கொட்டகைக்கே விடுங்க."

மீன் வாங்க வந்த பெண்கள் சிரித்தார்கள். சட்டையெல்லாம் நாற்றம். அவர்களைத் தாண்டி நடந்துபோய் என் பெயரை அழித்தேன்.

பழைய சிலேட்டு இப்போது என்னிடம், பாளையங்கோட்டையில் என் மேஜைமேல் இருக்கிறது. அவருடையது என்று நான் வைத்திருப்பது அதுதான். போன வாரம் அம்மா வந்திருந்தாள். எதைக் கண்டாலும் துடைப்பவள். துணியோடு மேஜைக்கு வந்தாள். பெயரைப் படித்தாள். பிறகு சிலேட்டைச் சுற்றி மட்டும் துடைத்துவிட்டுப் போனாள்.