சேங்கொட்டைத் தழும்பு

அம்மை குத்தாமல் விட்டுப்போன பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் குத்துகிற வேலை அந்த வருஷம் என் தலையில் விழுந்தது. நார்த்தாமலைப் பக்கம் ஒரு ஊரில், ஒரு வீட்டில் பெரியம்மை கண்டிருந்தது. கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறவர்கள்தான் அந்த வீட்டுக்குள் போகலாம் என்று முதல் நாள் ஊருக்கே சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு, மறுநாள் வீடு வீடாகப் போய்க் கையைப் பார்த்தேன். கதவைச் சாத்தினால் கத்துவேன். நர்ஸு வேலைக்கு மருந்து பாதி, வாய் பாதி.

ஒரு வீட்டில் கத்தவே வேண்டியிருக்கவில்லை. பயலை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா தானே வந்தாள். "இவனுக்குக் குத்தியாச்சுங்க, பாருங்க."

பயல் கையைப் பார்த்தேன். கன்னங்கரேலென்று ஒரு புண், சுற்றிலும் கொப்புளம். அம்மை குத்திய இடம் இப்படிக் கருகாது.

"யாரு குத்துனது?"

முழித்தாள். அதட்டியதும் சொன்னாள்: "சேங்கொட்டைப் பால் வச்சேங்க."

சலவைத் துணிக்குக் குறி போடுகிற சேங்கொட்டை! பெரியவர்கள் தோலே வெந்துபோகுமே!

"அடிப்பாவி, பெத்தவதானே நீ?"

"எங்க அக்கா மகனுக்குக் குத்தி, காய்ச்சல் வந்து பிள்ள செத்தே போச்சுங்க. இதுன்னா ஆறிரும். தழும்பப் பாத்தா நீங்களும் போயிருவீங்க."

யோசித்து, பயந்து, பிள்ளை அலற அலறச் செய்திருக்கிறாள்.

"நான் போயிருவேன். அம்மை போகுமா? இதப் பாத்து ஏமாறுமா அது?"

அதைக் கேட்டதும் அவள் முகம் வெளிறிவிட்டது. "அப்ப, பெரியவ?"

"பெரியவளுக்கு என்ன?"

"கைப்பிள்ளையில அவளுக்கும் நான்தாங்க வச்சேன். தழும்பு இருக்குன்னு நேத்து வீட்ல உள்ளவங்க அவள எங்க அண்ணன் வீட்டுக்குக் கஞ்சி குடுக்க அனுப்பிட்டாங்க. எல்லாரும் இருக்கையில எப்படிங்க வாயத் தொறப்பேன்?"

அம்மை கண்ட வீடு அவள் அண்ணன் வீடுதான். நான் போட்ட சட்டம்தானே அந்தப் பெண்ணை உள்ளே அனுப்பியிருக்கிறது! பயலுக்கு மறு கையில் குத்திவிட்டு இரண்டு பேரும் ஓடினோம்.

கஞ்சிக் கிண்ணத்தோடு அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள். பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும். என் பையைப் பார்த்ததும், கேட்காமலே சட்டைக் கையை மேலே ஏற்றினாள். "எனக்குத்தான் இருக்கே நர்ஸம்மா!"

"தெரியும். அந்தக் கையக் காட்டு." மறு கையில் குத்தினேன். அம்மைக்காரரிடம் போய் மூன்று நாளைக்குள் குத்தினால் தடுத்துவிடலாம்; நல்லவேளை, அவள் போய் ஒரு நாள்தான் ஆகியிருந்தது. குத்தியது பிடித்துக்கொண்டது, அவள் தப்பித்தாள். ஆனால் அது பின்னால் தெரிந்த சேதி.

குத்தும்போது அவள் அழவில்லை. பழைய தழும்பைத் தடவிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப இது என்னம்மா?"

"ஒன்னயக் காப்பாத்தத்தான் தாயி வச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.