நீளவாலன்கள் மறக்காத முகம்

என் வீட்டுக்காரர் மின்சார ஆபீசில் லைன்மேன். கம்பம் ஏறுவது, அறுந்த கம்பியை இழுத்துக் கட்டுவது எல்லாம் எல்லா லைன்மேனும் செய்கிற வேலை. கம்பத்து உச்சியில் பறவைகள் கட்டும் கூட்டைப் பிரிக்கிற வேலை மட்டும் இவர் தலையில் வந்து விழுந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முடியாது என்று சொல்ல வாய் வராத மனுஷன், அவ்வளவுதான்.

புத்தகத்தில் மேக்பை என்று போட்டிருக்கும் பறவையை இந்த லைன்மேன்கள் நீளவாலன் என்பார்கள். கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, உடம்பளவுக்கு வால். சுள்ளியோடு துணி மாட்டும் கம்பி, வேலிக் கம்பி என்று அலகில் அகப்பட்டதையெல்லாம் செருகிக் கூடு கட்டும். மழை பெய்தால் போதும், அந்தக் கம்பி லைனில் பட்டு ஒரு தெருவே இருண்டுவிடும். குண்டுக்கரிச்சானும் அதே கறுப்பு வெள்ளைதான். ஆனால் சின்னது, வாலும் குட்டை. ஏதாவது பொந்தில் புல்லை வைத்துக் குஞ்சு பொரித்துவிட்டு, காலையில் பாடிக்கொண்டு தன் பாட்டுக்கு இருக்கும். ஜனங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கரிச்சானைப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போன் போடுவார்கள். இவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே திரும்பி வருவார். வளர்ந்த மனுஷர்களுக்கு இதுகூடவா தெரியாது என்று வீட்டில் வந்து என்னிடம் எரிந்து விழுவார்.

பறவைகளுக்கு அப்படி ஒரு குழப்பமே கிடையாது. கூட வேலை செய்கிறவர்களுக்கும் அதே காக்கி, அதே ஹெல்மெட். கும்பலாக நடந்து போனாலும் நீளவாலன் இவர் தலையைத்தான் உரசிக்கொண்டு போகும். ஹெல்மெட்டை மாற்றிப் பார்த்தார், மீசையை எடுத்துப் பார்த்தார். மீசை போனதுதான் மிச்சம். "அண்ணே, உங்க சம்பந்தி வீட்டுக்காரங்க வந்துட்டாங்க" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. நாங்கள் கடையில் காய் வாங்கும்போது எதிர் மாடிச் சுவரில் அவை வரிசையாக உட்கார்ந்து, சத்தமே போடாமல் பார்த்துக்கொண்டிருக்கும். கத்தித் தொலைத்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும். வீடு மாறிப் பார்த்தோம். சாமான்களைப் பிரித்து அடுக்குவதற்குள் பால்கனிக் கம்பியில் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் துணி காயப்போடக்கூட நான் குடையோடுதான் போனேன்.

எங்கள் மகள் அவரை அப்படியே உரித்து வைத்தவள். அதே ஏறு நெற்றி, அதே கூர்மூக்கு, வலது தோளைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிற அதே நடை. பிறந்த அன்றே பார்க்க வந்தவர்கள் அதைத்தான் சொன்னார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை. படித்து முடித்து அவருடைய ஆபீசிலேயே லைன் வேலைக்குச் சேர்ந்தாள். வேண்டாம் என்று நான் அழுதேன். என் பயமெல்லாம் கரண்டைப் பற்றித்தான். கூட்டுப் பக்கம் மட்டும் போகமாட்டேன் என்று அவள் சேரும்போதே சொல்லிவிட்டாள். அப்பா கூடு பிரித்துவிட்டு வந்தால், சின்ன வயதில் அவரோடு நாள் பூராவும் பேசமாட்டாள்.

முதல் வாரமே ஒரு நீளவாலன் அவள் தலையை உரசிவிட்டுப் போனது. ஏதோ தற்செயல் என்றாள். மறுநாள் ஒரு கூட்டமே வந்தது. அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே, "என் மூஞ்சி அவகிட்ட இருக்கே" என்றார்.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, ஆபீஸ் வண்டி ஓட்டுகிற டிரைவர் சொன்னதைச் சொல்கிறேன். அவள் கம்பத்து உச்சியில் இடுப்புப் பெல்ட்டில் சாய்ந்துகொண்டு இரண்டு கையாலும் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தாள். தலையை மறைக்கக்கூடக் கை ஒழியவில்லை. அந்த நேரம் பார்த்து நீளவாலன்கள் சுற்றியிருந்த கூரைகளிலிருந்து ஒன்றாகக் கிளம்பி வந்தன. கீழே நின்ற இவர் ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு, நடுரோட்டில் முகத்தை மேலே தூக்கிக் காட்டினாராம். "நான்தான், இங்க பாருங்க, நான்தான்" என்று பறவைகளிடம் கெஞ்சினாராம். பாதி அவரிடம் வந்தன. மீதி அவளை விடவில்லை. இறங்கி வந்தபோது புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் கண்ணை மூடியிருந்தது. மயிரிழையில் கண் தப்பியது என்றார் டாக்டர்.

வேலையை விட்டுவிடு என்று அவள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவரும் கேட்டார். அவளோ, நெற்றிக் கட்டைப் பிரித்த கையோடு ஆபீசுக்குப் போய், கூடு பிரிக்கிற வேலையை இனி தனக்கே கொடுக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

எங்கள் தெருமுனைக் கம்பத்தில் இருந்த கூட்டைத்தான் முதலில் எடுத்தாள். விஷயம் தெரிந்து நானும் அவரும் ஓடினோம். குஞ்சுகள் கத்துகிற சத்தம் கீழே வரை கேட்டது. இத்தனை வருஷத்தில் குஞ்சு இருக்கிற கூட்டை அவர் தொட்டதில்லை. ஏணி சரியில்லை, முதுகு வலிக்கிறது என்று ஏதாவது சாக்குச் சொல்லி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாவது, அவை பறக்கும்வரை இழுத்தடிப்பார்.

"பாப்பா, உள்ள குஞ்சு இருக்கு. ரெண்டு வாரம் விட்டுடு, அதுங்களே பறந்து போயிடும்" என்றார்.

அவள் குனிந்து எங்களைப் பார்த்தாள். தையல் போட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது. "நான் விட்டா அதுங்க என்னை விட்டுடுமாப்பா? செய்யாததுக்கு அடி வாங்கியாச்சு. இனிமே செஞ்சுட்டே வாங்கிக்கறேன்."

கொக்கியை மாட்டி இழுத்தாள். சுள்ளியும் கம்பியுமாகக் கூடு அவர் காலடியில் வந்து விழுந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் பெண்ணா இது என்றிருந்தது. குஞ்சுகளின் சத்தம் நின்றுவிட்டது.

கூரைகளிலிருந்து நீளவாலன்கள் கிளம்பின. பழக்கதோஷத்தில் அவர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார். ஒன்றுகூட அவர் பக்கம் வரவில்லை. எல்லாம் நேராக அவளிடம் போயின. அவர் கைகளை இறக்கினார். முகத்தை நன்றாக மேலே தூக்கிக்கொண்டு, ஒன்றாவது தன்னைத் திரும்பிப் பார்க்காதா என்று நின்றுகொண்டே இருந்தார்.